பசியால் ஒரு நாட்டைத் திருத்தலாமா?

நம் பகுதியை வானம் பார்த்த பூமி என்பார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்பவர் சாலையின் இருபுறமும் காண்பவை கரிசல் காடுகளும், நீர் வற்றிய கண்மாய்களும், அவற்றின் உள்வாயில் அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலமும்தான். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தகைய மண்ணில் 'கொடுப்பதில்லை' என்னும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை ஆற்றுப் பாசனத்தில் வாழ்வோர் எளிதில் உணரமாட்டார்கள். அச்சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

நாம் குருத்துவப் பணியில் அடியெடுத்து வைத்த தொடக்க ஆண்டுகளில், இப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் நடந்த நிகழ்ச்சி இது. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டு வந்த ஊர்ப் பொதுப்பணம் ஒருவரிடம் இருந்தது. அவர் அதைத் தம் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டார். தவறு அவருடையதே, அதில் ஐயமில்லை. ஊர் கூடிக் கேட்டது. அவர் மறுத்தார். ஊர் மீண்டும் கூடி அவரை விலக்கி வைத்தது. கடையில் சாமான் கொடுப்பதில்லை. குழாயடியில் தண்ணீர் விடுவதில்லை. அவர் காட்டில் களையெடுக்க யாரும் போவதில்லை. முகம் பார்த்துப் பேசுவதில்லை. பணத்தை வைத்தால் விலக்கு நீங்கும் என்பது தீர்ப்பு.

என்ன நடந்தது? அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. காலையில் அருப்புக்கோட்டைக்குப் போவார், ஓட்டலில் உண்பார், இரவில் திரும்புவார். வீட்டில் இருந்தவர்கள் அவருடைய மனைவியும், பள்ளிக்குச் செல்லும் இரு பெண் பிள்ளைகளும், கண்பார்வை மங்கிய வயதான தாயும். மூன்றாவது வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில் அந்தத் தாய் பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஒரு தீப்பெட்டி கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியதை வீடு சந்திக்கப் போன நம்மிடம் அவரே சொல்லி அழுதார். நாம் உபதேசியாரிடம் கலந்து பேசினோம். "சாமி, இது ஊர் விவகாரம். நாம தலையிட்டா நாளைக்கு நம்ம கோயில் காரியத்துக்கு ஊர் வராது" என்றார். நாம் தலையிடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அன்பைப் பற்றி மறையுரை ஆற்றினோம். அந்தத் தீப்பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னர் அந்தக் குடும்பம் இருந்த நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டது. ஊர்ப்பணம் திரும்பி வரவில்லை.

அந்த ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. யார் கையிலும் குருதிக் கறை இல்லை. ஒவ்வொருவரும் செய்தது ஒன்றும் செய்யாமல் இருந்தது மட்டுமே. ஆயினும் நூறு வீடுகள் ஒன்றும் செய்யாமல் இருந்தபோது ஒரு கிழவிக்கு விளக்கேற்ற வழியில்லாமல் போயிற்று. மராட்டிய மாநிலம் 2016-இல் இத்தகைய சமூக விலக்கைக் குற்றமென்று அறிவித்துச் சட்டம் இயற்றியது. சட்டத்திற்கு முன்பே நம் மனச்சான்று அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாடுகள் நடத்தும் ஊர்விலக்கு

இதே செயலை நாடுகள் செய்யும்போது அதற்குப் பொருளாதாரத் தடை என்று பெயர். முறைகேடாக நடக்கும் ஓர் அரசோடு வணிகம் செய்வதில்லை; அதற்கு எண்ணெய் விற்பதில்லை; அதன் பொருளை வாங்குவதில்லை; கடன் தருவதில்லை. நெருக்கடி தாங்காமல் அவ்வரசு தன் போக்கை மாற்றிக்கொள்ளும், அல்லது மக்கள் அதை மாற்றுவார்கள், அந்த நாட்டில் ஒழுங்கும் நிலைத்தன்மையும் திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. முதல் உலகப் போரின் அழிவைக் கண்டு சோர்ந்திருந்த உலகிற்கு 1919-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதனைப் போருக்கு மாற்றாக, ஓசையில்லாத மருந்தாகப் பரிந்துரைத்தார். போரை வெறுக்கும் எவரும் முதற்கேள்வியில் இதனை வரவேற்கவே செய்வர். நாமும் வரவேற்றோம்.

2011 சூன் 8 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா அதனை முன்மொழிந்தார். இலங்கைப் போரில் குற்றம் இழைத்தோரைப் போர்க்குற்றவாளிகள் என்று அறிவிக்கவும், இலங்கைத் தமிழர் தம் சொந்த இடங்களில் குடியமர்ந்து சிங்களவருக்கு இணையான உரிமை பெறும் வரை இலங்கை அரசின் மீது பொருளாதாரத் தடை விதிக்கவும் நடுவண் அரசு பிற நாடுகளோடு சேர்ந்து முயல வேண்டும் என்பது அதன் சாரம். 2013 மார்ச்சில் மற்றொரு தீர்மானம் இக்கோரிக்கையை மீண்டும் வலியுறுத்தியது. தில்லி அரசு அத்தகைய தடை எதனையும் விதிக்கவில்லை.

அன்றைய தமிழகத்தின் மனநிலையை மறந்துவிட்டு அத்தீர்மானத்தை எடைபோடுவது நேர்மையாகாது. 2009 மே மாதத்தில் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்களின் தொகை நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அறிவித்திருந்தது. வன்னியில் சிக்குண்டோரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி, உணவும் மருந்தும் போதிய அளவு செல்லாதவாறு அரசு செய்தது என்பதும் அக்குழு கண்ட குற்றங்களுள் ஒன்று. கடலுக்கு இப்பால் நின்ற நமக்குச் செய்வதற்கு வேறொன்றும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்தபின் நடந்த கூட்டத்தில் நாம் அத்தீர்மானத்தைப் பாராட்டிப் பேசினோம். மக்கள் கைதட்டினார்கள்.

சவுக்காரம் இல்லாத ஊர்

நம் பகுதியில் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் நெடுங்காலமாக உள்ளன. 2021 முதல் அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று அரசு அழைக்கிறது. அத்தகைய முகாம் ஒன்றிலிருந்து பூசைக்கு வரும் ஓர் அம்மையார் அன்று கூட்டம் கலைந்தபின் நம்மிடம் வந்தார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, வன்னி வழியாக, 1996-இல் படகேறி வந்தவர் அவர்.

"பாதர், நீங்கள் எங்களுக்காகத்தான் கதைச்சியள். அது எனக்கு விளங்குது. ஆனால் நீங்கள் எப்பவாவது சவுக்காரம் இல்லாமல் ஒரு வருசம் இருந்திருக்கிறியளோ?" என்று கேட்டார்.

நாம் விழித்தோம். அவர் சொல்லிக்கொண்டே போனார். 1990 சூனில் போர் மீண்டும் மூண்டபோது, கொழும்பு அரசு தன் சொந்த நாட்டின் வடபகுதி மீதே பொருளாதாரத் தடை விதித்தது. மண்ணெண்ணெய், பெட்ரோல், உரம், பற்றறி, மெழுகுதிரி, சீமெந்து என்று தடைப் பட்டியல் நீண்டது. மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. மின்சாரமும் இல்லை. சாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். வானொலியில் செய்தி கேட்க மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். "பனம்பழத்தைப் பிழிஞ்சு அந்தக் களியிலை உடுப்புத் தோய்ச்சனாங்கள். காயப்போட்டால் அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பிப்போடும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தத் தடை பெடியளை மடக்கிறதுக்கெண்டுதான் போட்டவை. பெடியளுக்கு ஒண்டும் குறையேல்லை, பாதர். குறைஞ்சது என்ரை பிள்ளையளுக்குத்தான். இப்ப நீங்கள் தடை போட்டால் அங்கை மகிந்தவுக்குக் குறையுமோ? சிங்களப் பொம்பிளையும் பிள்ளை பெத்தவள்தானே."

அன்று நாம் அவருக்கு ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. தடையை விதித்தவர்கள் அதைக் கொண்டு எதனைச் சாதித்தார்கள் என்று பின்னர் தேடிப் படித்தோம். இடையில் 1995-இல் சில மாதங்கள் தளர்ந்தும், பின்னர் இறுகியும், அத்தடை 2002 சனவரி வரை நீடித்தது. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் தளர்ந்துவிடவில்லை; தடையைக் கடந்து வந்த பொருள்களின் மீது அவர்களும் வரி வாங்கினார்கள். இடைத்தரகர்கள் செழித்தார்கள். மக்கள் கொழும்பின் பக்கம் மனம் திரும்பவும் இல்லை. பசி அவர்களுக்குக் கற்பித்தது ஒன்றே: அந்த அரசு தம்மைக் குடிமக்களாக எண்ணவில்லை என்பது.

வழியும் விளைவும்

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது இரட்டை விளைவுக் கோட்பாட்டை நாம் படித்தோம். தற்காப்புக்காகத் தாக்குபவனை எதிர்ப்பவர் அவனைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமா என்று ஆராய்ந்த புனித தோமா அக்குவினாசு, ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நாம் நாடியது, மற்றது நாடாமல் நேர்ந்தது என்று பிரித்துக் காட்டினார். அதனடிப்படையில் பின்வந்த அறிஞர்கள் ஒரு நெறியை வகுத்தனர். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது. தீய விளைவை நாம் நாடக்கூடாது. தீய விளைவே நல்ல விளைவுக்கு வழியாக அமையக்கூடாது. இரண்டுக்கும் தகுந்த அளவுப் பொருத்தம் இருக்க வேண்டும்.

தடையை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி, "மக்கள் துன்புறுவது வருந்தத்தக்கதே, ஆனால் அதை நாம் நாடவில்லை" என்பதாகும். இம்மறுமொழியை மேற்சொன்ன மூன்றாவது விதியின் முன் நிறுத்திப் பார்ப்போம். ஆயுதக் கிடங்கின் மீது விழுந்த குண்டு பக்கத்து வீட்டையும் சிதைத்தால், அவ்வீடு சிதையாமலேயே கிடங்கு அழிந்திருக்க முடியும். வீட்டின் அழிவு கிடங்கின் அழிவுக்கு வழியன்று. ஒரு நாடு முழுவதற்கும் விதிக்கப்படும் தடையோ அப்படியன்று. அங்கே மக்கள் துன்புறாவிட்டால் தடைக்கு வேலையே இல்லை. அவர்கள் அடுப்பு எரியாமல் இருந்தால்தான் அவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தால்தான் அரசன் அஞ்சுவான். ஆகவே அவர்களுடைய பசி தற்செயலாக நேர்ந்த பக்க விளைவன்று. அரசனை எட்டுவதற்கு நாம் தேர்ந்துகொண்ட பாதையே அது. குற்றமற்றவரின் துன்பத்தைக் கருவியாக்குவதை எந்த நல்ல நோக்கமும் தூய்மைப்படுத்த இயலாது. தந்தையின் பாவத்திற்காக மகன் தண்டிக்கப்படுவதில்லை என்று இறைவாக்கினர் எசேக்கியேல் முழங்கியதன் பொருளும் இதுவே.

இந்த உண்மையை நம் புலவர் ஒருவர் போர்முனையிலேயே கண்டு சொல்லியிருக்கிறார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருந்தான். நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். கோவூர் கிழார் புறநானூற்றின் 44-ஆம் பாடலில் நெடுங்கிள்ளியிடம் கோட்டைக்குள் நிலவும் துயரத்தை எடுத்துரைக்கிறார்: யானைகள் பட்டினி கிடக்கின்றன, பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன, பெண்கள் கூந்தலில் பூவில்லை, வீடுகளில் நீரில்லை. அறத்தை எண்ணினால் கதவைத் திறந்து கொடு, மறத்தை எண்ணினால் திறந்து வந்து போரிடு, இரண்டுமின்றி உள்ளே இருப்பது நாணத்தக்கது என்பது அவர் கூற்றின் கருத்து. முற்றுகையில் பசி முதலில் எட்டுவது குழந்தையை. கடைசியில் எட்டுவது அரசனை. புலவர் அரசனை நோக்கிப் பேசியது சரியே. தன் மக்களின் துன்பத்திற்கு உள்ளே ஒளிந்திருக்கும் மன்னனும் பொறுப்பாளி. ஆயினும் வெளியே நிற்பவன் அதனால் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை.

திருச்சபை கற்ற பாடம்

பிறரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்து மன்னர் ஜான், கான்டர்பரிப் பேராயராக சுடீபன் லாங்டனை ஏற்க மறுத்தபோது, திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் 1208-இல் அந்நாடு முழுவதன் மீதும் விலக்கு விதித்தார். கோவில் மணிகள் ஓய்ந்தன. மக்களுக்குத் திருப்பலி இல்லை. இறந்தோர் மந்திரிக்கப்பட்ட மண்ணில் அடக்கம் செய்யப்படவில்லை. குழந்தைகளுக்குத் திருமுழுக்கும் சாகும் தறுவாயில் இருந்தோருக்குப் பாவமன்னிப்பும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. மன்னரோ இதனையே சாக்காகக் கொண்டு திருச்சபையின் நிலங்களையும் வருவாயையும் கைப்பற்றித் தம் கருவூலத்தை நிரப்பிக்கொண்டார். 1213-இல் அவர் பணிந்தபோது பிரெஞ்சுப் படையெடுப்பின் அச்சம் அவர் கண்முன் நின்றது. விலக்கு 1214-இல்தான் நீங்கியது. ஆறு ஆண்டுகள் ஒரு மன்னரின் பிடிவாதத்திற்காக உழவரும் கைம்பெண்களும் தண்டனை அனுபவித்தனர்.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் ஊரையோ நாட்டையோ ஒட்டுமொத்தமாகத் தண்டிக்கும் அந்த விலக்கு இடம்பெறவில்லை. குற்றம் புரிந்த தனி மனிதர் மீது மட்டுமே இன்று அத்தண்டனை விதிக்கப்படும். இந்த மாற்றத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அதே தெளிவை 2004-இல் வெளியான திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பும் நாடுகளுக்குச் சொல்கிறது: தடையின் நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும், அதன் விளைவுகள் அவ்வப்போது ஆராயப்பட வேண்டும், அது கால வரையறை உடையதாக இருக்க வேண்டும், ஒரு மக்கள் முழுவதையும் தண்டிக்கும் கருவியாக அது ஒருபோதும் ஆகக்கூடாது.

ஈராக் இதற்குச் சான்று. 1990 ஆகத்து 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதித்த தடை 2003 வரை நீடித்தது. எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் 1996-இன் இறுதியில்தான் செயற்படத் தொடங்கியது. அங்கு ஐ.நா.வின் மனிதநேயப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிசு காலிடே 1998-இலும், அவருக்குப்பின் வந்த ஆன்சு வான் சுபோனக் 2000-இலும் மனம் பொறாமல் பதவி விலகினார்கள். அத்தடையால் ஐந்து இலட்சம் குழந்தைகள் இறந்தனர் என்று அந்நாளில் பரவிய கணக்கு பொய்யானது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. சதாம் அரசே அந்த எண்ணைத் தன் பரப்புரைக்கு ஏற்பத் திரித்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அதிலிருந்து தெரிவது என்ன? பசியைத் தன் ஆட்சிக்குக் கேடயமாக்கிக்கொள்ளக் கொடுங்கோலனுக்குத் தெரியும் என்பதுதான். தடை அவனைச் சாய்க்கவில்லை. உணவுச் சீட்டைக் கையில் வைத்திருந்த அவனை மக்கள் முன்னிலும் அதிகமாக நம்பியிருக்க நேர்ந்தது.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் அநீதியைக் கண்டு கை கட்டி நிற்பதா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக 1946-இல் முதன்முதலில் வணிகத்தை முறித்த நாடு இந்தியா. விடுதலை பெறுவதற்கு முன்பே நம் நாடு எடுத்த நிலை அது. பின்னர் உலகம் அவ்வழியே நடந்தது. 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் தடையும் ஒன்று என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. 1959-இல் உலகத்தை நோக்கிப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தவர்களுள் முதன்மையானவர் ஆப்பிரிக்க மக்களின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி. அவரோடு அந்நாட்டு இந்தியர்களின் தலைவர் டாக்டர் நாயக்கரும் இணைந்திருந்தார். இதனால் எம் மக்களுக்கே துன்பம் வரும் என்பதை அறிவோம், குருதி சிந்தும் காலம் குறையுமானால் அத்துன்பத்தை ஏற்க அணியமாயிருக்கிறோம் என்ற கருத்தை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒருவர் தாமாக ஏற்கும் நோன்பும் பிறர் அவர்மீது சுமத்தும் பட்டினியும் ஒன்றல்ல. அருப்புக்கோட்டை நெசவாளர் கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்தினால், முதலில் பட்டினி கிடப்பது அவருடைய வீடே. அதனால்தான் அவருடைய போராட்டத்திற்கு அறத்தின் வலிமை இருக்கிறது. 2011-இல் நாம் கேட்ட தடையில் நம் வீட்டு அடுப்பு அணைய வேண்டிய தேவை இல்லை. அதன் சுமையைத் தாங்க வேண்டியவரிடம் நாம் கேட்கவும் இல்லை. நாம் பேசி முடித்த பிறகுதான் அந்த அம்மையார் வந்து நின்றார்.

ஆகவே தடை ஒன்றைக் கேட்குமுன் சில கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுமக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டார்களா? விதிக்கிறவர்களுக்கும் அதில் பங்கு இழப்பு உண்டா? அது குற்றவாளியின் மேசையை எட்டுமா, அல்லது வழியில் இருக்கும் எளியவரின் அடுப்பிலேயே நின்றுவிடுமா? உணவும் மருந்தும் அதற்கு வெளியே இருக்கின்றனவா? இன்னது செய்தால் தடை நீங்கும் என்ற வாசல் திறந்திருக்கிறதா? கியூபா மீது அமெரிக்கா 1962-இல் விதித்த தடை அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. நம் பகுதியின் சீமைக் கருவேலத்தை நினைத்துக்கொள்வோம். விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று ஊன்றினார்கள். இன்று அது கண்மாயையே விழுங்கிவிட்டது. பிடுங்குவோம் என்றால் அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்போரும் உருவாகிவிட்டார்கள். தடையும் அத்தகையதே. ஊன்றுவது எளிது, வேரோடு எடுப்பது அரிது.

இன்று மற்றொரு முறை வழக்கில் வந்துள்ளது. நாட்டைத் தண்டிக்காமல் குற்றம் சாட்டப்பட்டவரைப் பெயர் சொல்லித் தண்டிப்பது. 2023 சனவரியில் மகிந்த, கோத்தபய இராசபக்ச சகோதரர்கள் உள்ளிட்ட நால்வர் மீது கனடா தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா, முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும், புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்த கருணா மீதும் தடை விதித்தது. அவர்கள் அந்நாடுகளில் நுழைய இயலாது. அங்கு சொத்து இருந்தால் அது முடக்கப்படும். இதனால் ஏழையின் வீட்டில் அரிசி குறையாது. அந்த அளவில் இது அறத்திற்கு நெருக்கமானது. ஆயினும் இது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடி 2017 முதல் கிளிநொச்சியின் சாலையோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது உண்மையை. தளபதி ஒருவர் இலண்டனுக்குப் போக முடியாது என்பது அக்கேள்விக்கு முழு விடையன்று.

நிலைத்தன்மை என்னும் சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பசியால் அடங்கிய ஊர் அமைதியாகத்தான் இருக்கும். கல்லறையும் அமைதியானதே. நீதியிலிருந்து பிறக்காத அமைதி அடுத்த கலகத்திற்கு விதையாகும்.

அரிசி சென்ற கப்பல்

2021-இல் இலங்கை அரசு செயற்கை உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து உழவன் உரமின்றி வாடியதுபோல் இப்போது தெற்கின் சிங்கள உழவனும் வாடினான். 2022 ஏப்ரலில் கடனைத் திருப்ப இயலாது என்று அந்நாடு அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசைகள் நீண்டன. யாரும் தடை விதிக்காமலேயே, ஆட்சியாளரின் பிழையால், 2011-இல் நாம் கேட்டது நடந்தேறியது. சூலையில் கோத்தபய நாட்டைவிட்டு ஓடினார். இதைக் கண்டு தமிழகம் மகிழ்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

2022 ஏப்ரல் 29 அன்று அதே சட்டமன்றம் மற்றொரு தீர்மானத்தை நிறைவேற்றியது. முதலமைச்சர் திரு மு.க. இசுடாலின் முன்மொழிந்த அத்தீர்மானம், நாற்பதாயிரம் டன் அரிசியும் ஐந்நூறு டன் பால்மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் இலங்கைக்கு அனுப்ப நடுவண் அரசின் இசைவைக் கேட்டது. முதலில் தமிழருக்கு என்றே எண்ணப்பட்ட உதவி அது. எங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டதாக முதலமைச்சர் மன்றத்தில் தெரிவித்தார். மே 18 அன்று முதற்கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. போர் முடிந்த அதே மே மாதத்தில், தடை கேட்ட அதே மண்ணிலிருந்து அரிசி சென்றது.

அதற்காக நம் பங்கில் திரட்டிய காணிக்கைக்கு அந்த முகாம் அம்மையாரும் வந்தார். மூன்று நூறு ரூபாய்த் தாள்களை மடித்துக் கையில் வைத்திருந்தார். குறிப்பேட்டில் பெயர் எழுதப் போனோம். "என்ரை பேரும் வேண்டாம், ஆருக்கெண்டும் எழுத வேண்டாம், பாதர். பசிக்கிறவைக்குப் போய்ச் சேரட்டும்" என்றார். 2011-இல் நாம் கைதட்டு வாங்கிய அதே கூடத்தில்தான் இது நடந்தது. அந்தக் கைதட்டு அப்போது நம் காதில் மீண்டும் ஒலித்தது.

2009-இன் குற்றங்களுக்கு நீதி வேண்டும் என்பதில் நாம் சற்றும் தளரவில்லை, தளரவும் கூடாது. அந்நீதியை ஒரு குழந்தையின் பாலைப் பறித்துப் பெற வேண்டாம் என்பதே நம் நிலை. நாடுகளின் போக்கை இப்பங்கின் எல்லையில் இருந்துகொண்டு நாம் மாற்றிவிட முடியாது. ஆனால் நம் ஊர்களில் அடுத்த முறை யாரையாவது விலக்கி வைக்கும் பேச்சு எழும்போது என்ன செய்வது என்பது நம் கையில் இருக்கிறது. தவறு செய்தவரிடம் கணக்குக் கேட்போம். காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் போவோம். ஆனால் அவருடைய தாய் வாசலில் வந்து நின்றால் தீப்பெட்டியைக் கொடுத்துவிடுவோம். அன்று நாமே அதை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.